உணவில் ஜிங்க் குறைந்தால் குடல் செல் என்ன செய்கிறது?

சாப்பாட்டில் ஜிங்க் (துத்தநாகம்) குறைந்துவிட்டால் செல்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுகுடலையே எடுத்துக்கொள்வோம், பெரும்பகுதி வேலை அங்கேதான்.

குடல் செல்லில் உணவைப் பார்த்திருக்கும் பக்கச் சவ்வில் ஜிப்4 என்ற புரதம் இருக்கிறது. ஜிங்கை உள்ளே விடுவது இதுதான். ஜிங்க் தாராளமாக இருக்கும்போது செல் இதைச் சவ்விலிருந்து பிடுங்கி உள்ளே கொண்டுபோய்ச் சிதைத்துவிடும். தட்டுப்பாடு வந்தால் அந்தச் சிதைப்பு அடங்குகிறது. எலிகளில் பார்த்தபோது, ஜிப்4-க்கான எம்ஆர்என்ஏவும் (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறு) சீக்கிரம் அழியாமல் நீடித்தது. அதாவது, புதிதாகச் செய்வதைவிட இருப்பதை அழிக்காமல் விடுவதுதான் உத்தி. சிக்கனமான ஏற்பாடு!

ரத்தப் பக்கச் சவ்வில் இருந்து, ரத்தத்திலுள்ள ஜிங்கைச் செல்லுக்குள் எடுக்கும் ஜிப்5 என்ற புரதத்துக்கு நேர்மாறான கதி: தட்டுப்பாட்டில் அது அகற்றப்படுகிறது. ஆனால் அதன் எம்ஆர்என்ஏ, புரதம் செய்யும் இடமான ரைபோசோமிலேயே காத்திருக்கும். ஜிங்க் வந்ததும் உடனே புரதம் தயார்.

ஜிங்க் அளவை உணர்வது யார்? எம்டிஎஃப்-1 என்ற புரதம். ஜிங்க் ஒட்டினால்தான் இது மரபணுக்களை இயக்கும். ஜிங்க் குறைந்தால் இது ஓய்ந்துவிட, ஜிங்கைப் பிடித்துவைக்கும் மெட்டலோதயோனின் உற்பத்தியும் குறைகிறது.

ஜிப்4 மரபணு பிறவியிலேயே பழுதானால் அக்ரோடெர்மடைடிஸ் என்டெரோபதிகா என்ற நோய் வரும்: வாயைச் சுற்றியும் கைகால்களிலும் புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு. 2002-இல்தான் காரண மரபணு தெரியவந்தது. கூடுதல் அளவில் ஜிங்க் மருந்து கொடுத்தால் அறிகுறிகள் தணியும். ஆனால் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும்.