ஸ்டியரிங் முனகினால் உடனே பம்பை மாற்ற வேண்டாம்

நிறுத்திய வண்டியில் திருப்பினால் முனகல், ஸ்டியரிங் கனம், மெக்கானிக் பவர் ஸ்டியரிங் பம்பையே (ஆயில் அழுத்தத்தால் ஸ்டியரிங்கை இலகுவாக்குவது) மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரைத் திருப்பச் சொல்லி, ஸ்டியரிங் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நுரை இருந்தால் காற்று புகுகிறது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் (ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) தளர்ந்திருக்கலாம். அது பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கம், ஒரு சொட்டுகூட ஒழுகாமல் காற்றை இழுக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கிளாம்பை மாற்றியபின், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை 20 தடவை மெதுவாகத் திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றுங்கள், மேனுவலில் சொன்ன வகை மட்டும்.

நுரையே இல்லையா? பம்பைச் சுழற்றும் பெல்ட்டைப் பாருங்கள், அது வழுக்கினால் கீச்சிடும். அதுவும் சரியென்றால் அப்புறம் பம்ப். அதுவரை ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி அப்படியே பிடித்து வைக்காதீர்கள்.