முதல் பேஸ் கிட்டாரை நீங்களே செய்யும்போது

கேள்வி: எனக்கு மரவேலையில் முன் அனுபவம் இல்லை. தொடக்கநிலையாளர்களுக்கான பட்டறைப் பயிற்சியில் சேர்ந்து சொந்தமாக ஒரு பேஸ் கிட்டார் செய்ய விரும்புகிறேன். ஐந்து தந்திகளும், உடற்பகுதியின் ஊடாகக் கடைசிவரை ஒரே மரமாக ஓடும் நெக்கும் (கிட்டாரின் நீண்ட கழுத்துப் பகுதி) வேண்டும் என்பது ஆசை. வாசிக்கத் தகுந்த கருவியாக அது அமையுமா? எதில் அதிகக் கவனம் வேண்டும்?

பதில்: வாசிக்கத் தகுந்த கருவியைத் தாராளமாகச் செய்துவிடலாம். ஆனால் முதல் கருவி நான்கு தந்திகளுடன், திருகுகளால் பொருத்தப்படும் நெக் கொண்டதாக இருக்கட்டும். நீங்கள் விரும்பும் அமைப்பில் நெக்கின் கோணம் சிறிது தவறினாலும் பிறகு கழற்றித் திருத்த வழியில்லை. திருகு வைத்த நெக் என்றால், அதைக் கழற்றி, அடியில் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்து மீண்டும் முடுக்கிவிடலாம். 1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் இந்த அமைப்பையும் 34 அங்குலத் தந்தி நீளத்தையும் கொண்டது. இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் அந்த நீளத்தையே பின்பற்றுவதால், அதற்கேற்ற தந்திகளும் உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் உடற்பகுதியின் வடிவத்திலும் மரத்தின் அழகிலும் மனத்தைப் பறிகொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வடிவத்தில் இரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் காதுக்குத் தெரியாது. நெக்கில் அரை மில்லிமீட்டர் தவறினால் கைக்கும் காதுக்கும் தெரிந்துவிடும். ஆகவே பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை நெக்குக்கே ஒதுக்குங்கள்.

நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்து முறுக்கும்போது நெக்கின் மீது ஏறத்தாழ 75 கிலோ இழுவிசை விழுகிறது. அதை ஈடுகட்டவே ஃபிரெட் பலகைக்கு (ஃபிரெட் எனப்படும் குறுக்கு உலோகக் கம்பிகள் பதிந்த, நெக்கின் மேற்பலகை) அடியில் டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி பதிக்கப்படுகிறது. இருந்தாலும் மரம் சரியில்லாவிட்டால் கம்பியால் மட்டும் காப்பாற்ற முடியாது. நன்கு உலர்ந்த, இழை நேராக ஓடும் கட்டையைத் தேர்ந்தெடுங்கள். முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் கூடியவரை செங்குத்தாக நிற்க வேண்டும். தோராயமாக அறுத்த கட்டையைச் சில நாட்கள் அப்படியே விட்டுவைத்தால், உள்ளே தேங்கியிருக்கும் இறுக்கம் தளர்ந்து, முறுக்கிக்கொள்வதானால் அப்போதே முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு இழைப்பதுதான் முறை.

ஃபிரெட்டுகளின் இடத்தைக் கணக்கிடுவது கடினமன்று. 34 அங்குலம் என்பது 863.6 மி.மீ.; அதை 17.817ஆல் வகுத்தால் கிடைக்கும் 48.47 மி.மீ.தான் நட்டிலிருந்து (நெக்கின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) முதல் ஃபிரெட்டுக்கான தூரம். மீதமுள்ள நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி கிடைக்கும்; பன்னிரண்டாவது ஃபிரெட் சரிபாதியில், 431.8 மி.மீ.இல் விழும். பலர் தவறுவது குறிக்கும்போதுதான். ஒவ்வொரு ஃபிரெட்டையும் முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்தால், ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. ஒரே திசையில் பிசகினாலே பன்னிரண்டாவதை எட்டும்போது 2.4 மி.மீ. விலகியிருக்கும், அந்த இடத்தில் அது ஒரு ஃபிரெட் அளவு சுருதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எல்லா அளவுகளையும் நட்டிலிருந்தே எடுங்கள். பென்சிலை விடக் கூரிய கத்திமுனையால் கீறிய கோடே நம்பகமானது.

அடுத்தது நடுக்கோடு. என் முதல் கருவியில், டெம்ப்ளேட்டை (அச்சுப்பலகை) நம்பி, நெக் அமரும் குழியைச் சரிபார்க்காமல் குடைந்துவிட்டேன். குழி அரை டிகிரி சாய்ந்திருந்தது. பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் பிரிட்ஜ் (உடற்பகுதியில் தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) வரும் இடத்தில் அது கிட்டத்தட்ட 3 மி.மீ. விலகலாக வளர்ந்து, ஒரு ஓரத் தந்தி ஃபிரெட் பலகையின் விளிம்பை ஒட்டி ஓடியது. பிரிட்ஜுக்கு முன்கூட்டியே துளையிட்டிருந்ததால் திருத்தவும் இடமில்லை. ஆகவே நெக்கைப் பொருத்திய பிறகு, நட்டின் இரு ஓரங்களிலிருந்தும் மெல்லிய நூலை இழுத்துப் பிடித்து, இரு விளிம்புகளிலும் இடைவெளி ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே துளையிடுங்கள். குழியில் வைத்த நெக், திருகு இல்லாமலே உடற்பகுதியைத் தூக்கினாலும் நழுவாத அளவுக்கு இறுக்கமாக இருப்பது நல்லது.

குழியின் ஆழம் சுமார் 16 மி.மீ. இருக்கும். ரவுட்டரால் (மரத்தைக் குடையும் மின்கருவி) அதை ஒரே முறையில் எடுக்க முயன்றால் மரம் பிய்ந்துவிடும்; ரவுட்டரும் கையை விட்டுத் துள்ளும். ஒரு முறைக்கு 3 மி.மீ. போதும். முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் நிற்காதீர்கள்; ரோஸ்வுட் தூசி தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரக்கூடியது.

உடற்பகுதியைப் பற்றி ஒன்றே ஒன்று: மேல் பக்கம் கொம்பு போல நீளும் பகுதியின் முனை பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேராக வருமாறு அமைந்தால், வாரில் மாட்டும்போது தலைப்பகுதி கீழே சரியாது. விலையுயர்ந்த மரம் தேவையில்லை. மர வகையால் எடைதான் பெரிதும் மாறும் என்பது என் கருத்து.

ஃபிரெட்டுகளை அடித்துப் பதித்த பின், நெக்கை நேராக்கி, ஒவ்வொன்றின் உச்சியிலும் மார்க்கரால் மை பூசுங்கள். நேரான கட்டையில் உப்புத்தாளை ஒட்டி நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். உயர்ந்து நிற்பவற்றில் முதலில் வெள்ளி நிறம் மின்னும். தாழ்ந்தவற்றில் மை அப்படியே இருக்கும். எல்லா உச்சிகளிலும் மை மறைந்த உடனே நிறுத்திவிட்டு, தட்டையான உச்சிகளை அரத்தால் மீண்டும் வளைவாக்கி மெருகிட வேண்டும். இதற்கும் இறுதிச் சரிப்படுத்தலுக்கும் பயிற்சியில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தந்திகளைப் பூட்டிய பின், ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில், ஏழு அல்லது எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். புது நெக் முதல் சில வாரங்களில் இழுவிசைக்கு ஏற்ப இன்னும் சற்று வளையும். அப்போது டிரஸ் ராடை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், மரம் அடங்க ஒரு நாள் விட்டு, சுருதியைச் சேர்த்து, மறுபடியும் அளந்து பாருங்கள்.