அமெரிக்கக் கல்லூரிகளில் சில சொராரிட்டி கிளைகள் மூடப்படுவதற்கு ஆள்சேர்ப்பு முறை எப்படிக் காரணமாகிறது?

சொராரிட்டி என்பது மாணவியர் சங்கம். ஒவ்வொரு கல்லூரியிலும் அதற்குத் தனிக் கிளை. ஆண்டுதோறும் மூத்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் கிளை வீட்டின் கடன், சமையலாள் சம்பளம், காப்பீடு ஆகியவை மட்டும் குறையாது. இரண்டு வருடம் ஆள் குறைவாகச் சேர்ந்தால், மிச்சமிருப்பவர்கள் தலையில் கட்டணம் ஏறும். வரவேற்பு நாளில் கூடத்தில் பாதி நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்தே புதியவர்கள் நழுவிவிடுவார்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பேர்பெற்ற பந்தியில் இடமில்லை என்பதைக் கடைசியில் சொன்னால், காத்திருந்தவர்கள் சாப்பிடாமலே கிளம்பிவிடுவார்கள். பக்கத்துப் பந்தியில் இலை காய்ந்து கிடக்கும். அதனால்தான் 1902-இல் தொடங்கிய, சொராரிட்டிகளின் கூட்டமைப்பான தேசிய பான்ஹெலெனிக் மாநாட்டின் முறையில், அதிகம் விரும்பப்படும் கிளைகள் முதல் சுற்றுகளிலேயே நிறையப் பேரைத் தங்கள் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும். தேவை குறைந்த கிளைகள் கூடுதல் பேரை அழைக்கலாம். எனக்குத் தெரிந்து சிறு கிளைகளுக்கு இதைவிடப் பெரிய கவசம் இல்லை. இறுதியில், சேர வந்தவர்கள் 300 பேரும் 10 கிளைகளும் இருந்தால் கோட்டா, அதாவது ஒரு கிளை எடுக்கக்கூடிய புதியவர்களின் எண்ணிக்கை, சுமார் 30.

கோட்டா நிரம்பாத கிளை அதோடு முடிந்தது என்று பலர் நினைப்பது தவறு: மொத்த உறுப்பினர் வரம்புக்குக் கீழே இருக்கும் கிளை, செமஸ்டர் நடுவிலும் திறந்த அழைப்பில் ஆள் சேர்க்கலாம்.