மென்பொருளை மாற்றிய போனுக்கு வாரண்டி உண்டா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய ஸ்மார்ட்போனில், மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டிலிருந்த என் மகன் பூட்லோடரைத் திறந்து வேறொரு ஆண்ட்ராய்டை ஏற்றிவிட்டான். மூன்று மாதங்கள் நன்றாகவே இருந்தது. இப்போது சார்ஜரைச் செருகினால் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கிறது. இராமநாதபுரத்தில் சர்வீஸ் சென்டரில் காட்டினேன்; “சாஃப்ட்வேரை மாற்றிவிட்டீர்கள், வாரண்டி கிடையாது, மதர்போர்டை மாற்ற வேண்டும்” என்று வாய்மொழியாகச் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரியா? மகனை வேறு திட்டித் தீர்த்துவிட்டேன்.
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: மகனைத் திட்டுவதற்கு முன் ஒரு டார்ச் விளக்கை எடுத்துப் போனின் சார்ஜ் துவாரத்துக்குள் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். துவாரத்தின் நடுவே நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டில் வரிசையாகப் பொன்னிறக் கோடுகள் தெரியும். அவை கறுத்திருந்தாலோ, ஓரங்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தாலோ, அது உப்பு செய்த வேலை. பாலித்தீன் பையில் சுற்றித்தான் போனைக் கடலுக்குக் கொண்டுபோகிறோம் என்பீர்கள். ஆனால் வலை இழுத்த ஈரக் கையோடு பையைப் பிரித்துச் சார்ஜரைச் செருகும்போது ஒரு துளி கடல்நீர் உள்ளே போனால் போதும். மின்சாரம் பாயும் இடத்தில் உப்புநீர் நின்றால் உலோகம் மளமளவென்று அரித்துப்போகும்.

அப்படி அரித்திருந்தால், உங்கள் மகன் பூட்லோடரைத் தொடாமலே இருந்திருந்தாலும் வாரண்டி கிடைத்திருக்காது. நீர்ச்சேதத்தைப் பொதுவாக எந்த நிறுவனமும் வாரண்டியில் சேர்ப்பதில்லை. பல போன்களுக்குள் நீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சிறிய ஒட்டுத்தாளையே இதற்காக வைத்திருக்கிறார்கள். தண்ணீர் புகாது என்பதற்கான ‘ஐபி 68’ குறியைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் நம்ப வேண்டாம், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: பல மாடல்களில் சார்ஜ் துவாரம் மதர்போர்டில் இல்லாமல் தனியொரு சிறு பலகையில் இருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் செலவு பல மடங்கு குறையும். ஆகவே மதர்போர்டு என்று சொன்னவுடன் தலையாட்டாதீர்கள்.

துவாரம் சுத்தமாக இருக்கிறது, கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பார்த்தும் அதே கதைதான் என்றால், அப்போதுதான் மென்பொருளைப் பற்றிப் பேச வேண்டும். போனை ஆன் செய்தவுடன் முதலில் ஓடும் சிறு நிரல்களில் ஒன்றுதான் பூட்லோடர். அடுத்து ஏற்றப்போகும் ஆண்ட்ராய்டில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டுமே உள்ளே விடும் வாயிற்காவலன் அது. பூட்லோடரைத் திறப்பது என்றால் அந்தக் காவலனை ஒதுக்கிவைப்பது. திறந்த போன் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் திரையில் ஓர் எச்சரிக்கையைக் காட்டும், சர்வீஸ் சென்டர்காரர் அதைத்தான் பார்த்திருப்பார்.

மென்பொருளுக்கும் சார்ஜுக்கும் தொடர்பே இல்லை என்று நீங்கள் வாதிட முடியாது. பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும், சூடானால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் கெர்னலுக்கும் (வன்பொருளை இயக்கும் ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல்) பங்கு உண்டு. கஸ்டம் ரோமோடு, அதாவது உங்கள் மகன் ஏற்றிய அந்த வேறு ஆண்ட்ராய்டோடு, வேறு கெர்னலும் ஏறியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரே வழி, போனோடு வந்த அதே மாடலுக்குரிய அசல் மென்பொருளை மறுபடி முழுமையாக ஏற்றிப் பார்ப்பதுதான். அதன் பிறகும் சார்ஜ் நின்று நின்று ஏறினால் கோளாறு வன்பொருளில் இருக்கிறது. இதைச் செய்யும்போது மகனிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவையுங்கள். அசல் மென்பொருள் முழுமையாக ஏறி, போன் ஒழுங்காக ஆன் ஆவதைப் பார்ப்பதற்கு முன் பூட்லோடரைத் திரும்பப் பூட்டக் கூடாது. பாதியில் பூட்டினால் காவலன் தன் வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திவிடுவான், போன் செங்கல்லாகிவிடும். முன்பிருந்ததைவிடப் பழைய பதிப்பையும் ஏற்றக் கூடாது, பல போன்கள் பின்னோக்கிப் போவதை அனுமதிப்பதில்லை. வேலையைத் தொடங்கும் முன் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அசல் மென்பொருளை ஏற்றிவிட்டால் தடயம் அழிந்துவிடும் என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். எல்லாப் போனிலும் அது நடக்காது. சாம்சங் போன்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டுக்காகச் சிப்புக்குள் ஒரு மின் உருகி இருக்கிறது. அங்கீகாரமில்லாத மென்பொருள் ஒருமுறை ஏறினால் அது எரிந்து, 0 என்றிருந்த குறியீடு 1 ஆகிவிடும், எந்த மென்பொருளாலும் அதைத் திருப்ப முடியாது. ஆகவே மறைக்கப் பார்க்காமல், மாற்றியது உண்மை, அசலை ஏற்றிய பிறகும் கோளாறு தொடர்கிறது என்று நேராகச் சொல்வதே உங்களுக்குப் பலம்.

இனி சட்டம். இணையத்தில் சிலர் அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னுசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தை எடுத்துக் காட்டி, எதை மாற்றினாலும் வாரண்டி போகாது என்று எழுதுகிறார்கள். அந்தச் சட்டம் பாம்பன் பாலத்தைத் தாண்டி வராது. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், உங்கள் போனின் வாரண்டி அட்டையில் உள்ள வாசகங்களும்தான். சில நிறுவனங்களின் அட்டையில், பூட்லோடரைத் திறந்தாலே வாரண்டி முடிந்தது என்று இருக்கும். வேறு சிலவற்றில், மாற்றத்தால் விளைந்த சேதத்துக்கு மட்டும் பொறுப்பில்லை என்று இருக்கும். இரண்டாவது வகையானால் உங்கள் கட்சி வலுவானது. எது என்று படித்துப் பார்க்காமல் சண்டைக்குப் போகாதீர்கள்.

சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போகும்போது ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். கோளாறு என்ன, என்ன சோதித்தார்கள், எந்தக் காரணத்தால் வாரண்டி மறுக்கப்படுகிறது என்பவை அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எந்த நுகர்வோர் ஆணையமும் தீர்ப்புச் சொல்லாது. தர மறுத்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கு அதுவே சாட்சி. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெறவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சோதனையில் உப்பு அரிப்பு என்று வந்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். அதனால்தான் டார்ச் விளக்கிலிருந்து தொடங்கினேன்.

வாரண்டிக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். திறந்த போனில் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். மீன் கணக்கை யுபிஐயில் வாங்குபவர் என்றால் இதுவே உங்களுக்குப் பெரிய தொல்லை.

கேள்வி: துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த போனில், இங்குள்ள சிம்மைப் போட்டால் இணையம் வருகிறது, அழைப்பு வந்தவுடன் 4ஜி போய்விடுகிறது. இந்தியச் சாஃப்ட்வேர் ஏற்றித் தருகிறேன் என்கிறார் ஒரு கடைக்காரர். வாரண்டி போய்விடுமா?
— வாசகி, கீழக்கரை

பதில்: வாங்கிய நாட்டில் மட்டுமே வாரண்டி செல்லும் என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை, ஆகவே இங்கே இழப்பதற்கு உங்களிடம் வாரண்டி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. என் கவலை வேறு. ஒரே பெயரில் விற்கும் போனுக்கு நாட்டுக்கு நாடு உள்ளிருக்கும் ரேடியோ (சிக்னலை வாங்கி அனுப்பும் பகுதி) வேறுபடலாம். பொருந்தாத மென்பொருளை ஏற்றும்போது போனின் அடையாளமான ஐஎம்இஐ எண் அழிந்து, போன் சிம்மையே ஏற்காமல் போவதுண்டு. அதைச் சரிசெய்கிறேன் என்று வேறு எண்ணை எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். முதலில் செட்டிங்ஸில், 4ஜியிலேயே அழைப்பைப் பேச உதவும் வோல்டி (VoLTE) என்ற வசதி இருக்கிறதா, அது ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், நிறுவனத்தின் புதிய அப்டேட் வந்திருந்தால் ஏற்றுங்கள். அதற்கும் மசியாமல் கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், *#06# அழுத்தி வரும் எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுக் குறித்துவைத்து, திரும்ப வாங்கும்போது கடையில் நின்றே மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: டெவலப்பர் ஆப்ஷன்ஸை ஆன் செய்தாலும், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவினாலும் வாரண்டி போய்விடும் என்கிறார்களே?
— வாசகர், தொண்டி

பதில்: போகாது. இரண்டும் நிறுவனமே போனுக்குள் வைத்திருக்கும் வசதிகள், பூட்லோடர் பூட்டியபடியேதான் இருக்கும். வெளியிலிருந்து வரும் செயலியில் வைரஸ் இருந்து பணம் போனால் அது வேறு வழக்கு.