குளத்தை அழித்தது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொஞ்ச நாளாக மனித மனம் பற்றிய பாப்புலர் சயின்ஸ் நூல்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பொதுச்சொத்து என்றால் மனிதன் அதை அழித்தே தீருவான், அவன் மூளை அப்படித்தான் பரிணமித்திருக்கிறது என்று ஒன்றில் படித்தபோது எங்கள் ஊர்க் குளம் ஞாபகம் வந்தது. கரையெல்லாம் குப்பை, தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை. பையன்கள் சேர்ந்து சுத்தம் செய்யலாம் என்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். மனித இயல்பை எதிர்த்து என்ன செய்துவிட முடியும்?

எம்., தக்கலை

அன்புள்ள எம்.,

பையன்களோடு போங்கள். ஆனால் ஆகாயத்தாமரையை அள்ளுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

நீங்கள் படித்த வரி 1968இல் ‘சயின்ஸ்’ இதழில் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. ஊருக்குப் பொதுவாக ஒரு மேய்ச்சல் நிலம். நான் ஒரு மாட்டைக் கூடுதலாக விட்டால் லாபம் முழுக்க எனக்கு. புல் குறைகிற நஷ்டம் எல்லார் தலையிலும் பங்காக விழும். ஆகவே ஆளாளுக்கு மாட்டைக் கூட்டுவார்கள், நிலம் கட்டாந்தரையாகும். கேட்டதும் சரிதானே என்று தோன்றும். ஆனால் அது கள ஆய்வு செய்து எழுதியதல்ல. ஹார்டின் உயிரியலாளர். மக்கள்தொகையைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தவேண்டும் என்று வாதிட அவருக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. 1833இல் லாயிட் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் எழுதியதிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்தக் கதையில் மாட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை, கவனித்தீர்களா? பக்கத்து வீட்டு ஆடு வாழைக்கன்றைக் கடித்தால் நம் ஊரில் என்னவெல்லாம் பேச்சு நடக்கும்! ‘நிர்வகிக்கப்படாத பொதுச்சொத்து’ என்று எழுதியிருக்கவேண்டும் என்று 1998இல் ஹார்டினே ஒப்புக்கொண்டார். அது யார் காதிலும் ஏறவில்லை.

உலகம் முழுக்க இப்படிப்பட்ட இடங்களைப் பற்றிய பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தவர் எலினார் ஓஸ்ட்ரம். 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர். அவர் சொல்லும் துருக்கியின் அலன்யா ஊர் எனக்குப் பிடித்தமானது. நல்ல இடத்துக்காக அடித்துக்கொண்ட மீனவர்கள் 1970களில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். செப்டம்பரில் கடலின் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். அப்புறம் தினமும் ஒவ்வொருவரும் ஓர் இடம் கிழக்கே நகரவேண்டும். ஜனவரிக்குப் பிறகு மேற்கே. மீன் எந்தப் பக்கம் போனாலும் எல்லாருக்கும் வாய்ப்பு வரும். யாராவது ஏமாற்றினால் அன்று அந்த இடத்துக்கு உரியவனே கண்டுபிடித்துவிடுவான். தனியாகக் காவல் வேண்டாம்.

சரி, முறை வைத்தால் எல்லாம் நடந்துவிடுமா? நடக்காது. நம் கடற்கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வள்ளம் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வரும், இரண்டு கூட்டம் கரையில் நின்று இரண்டு கயிற்றையும் இழுக்கும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மடி போட முடியாது, ஆகவே முறை வைத்தே ஆகவேண்டும். இலங்கையின் தென்கரையில் மாவெல்ல என்ற ஊரிலும் இதே மாதிரி வலை, இதே மாதிரி முறை. ஆனால் ஆளாளுக்குப் புது வலை சேர்த்துக்கொண்டே போனார்கள். வலைகள் பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் முறை வருவது அபூர்வமாகிப் பங்கு சுருங்கியது. வலைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தது, அமல்படுத்த ஆளில்லை. இதையும் ஓஸ்ட்ரம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதே மனித மூளைதான் இரண்டு ஊரிலும். ஆகவே ‘மனித இயல்பு’ என்று ஆரம்பிக்கிற எந்தப் பெரிய கருத்தைக் கண்டாலும் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

இனி உங்கள் குளம். அதற்குக் கீழே இருந்த வயல் இப்போது என்னவாக இருக்கிறது? தக்கலைப் பக்கம் நான் பார்த்தவரை வாழை, தென்னை, மிச்சம் வீட்டு மனை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் அந்தத் தண்ணீரை நம்பியிருந்தவர்களுக்கு மடை அடைத்தால் வயிற்றில் அடி, அதனால் மண்வெட்டியோடு வந்தார்கள். இப்போது நெல்லும் இல்லை, குளத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் ஊரிடம் இல்லை. எல்லாம் அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பில். ஹார்டினின் மாட்டுக்காரனை அந்தக் கரையில் தேடினால் கிடைக்கமாட்டான். அவன் கதையில் நிலம் அளவுக்கு மீறி மேய்ந்து அழிகிறது. உங்கள் குளம் யாருக்கும் வேண்டாததாகி அழிந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஆகாயத்தாமரையை மட்டும் அள்ளினால் மறுபடி மூடிவிடும். சாதகமான நாட்களில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும், விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அள்ளுகிறவர்கள் திரும்பத் திரும்ப வரவேண்டும். அப்படி வருவதற்கு அந்தத் தண்ணீர் அவர்களுக்கு வேண்டியதாக இருக்கவேண்டும். எனவே பையன்களை முதலில் குளத்தைச் சுற்றியிருக்கும் வீடுகளுக்கு அனுப்புங்கள். பங்குனியில் யார் வீட்டுக் கிணறு வற்றுகிறது, குளத்தில் தண்ணீர் நின்றால் யார் கிணற்றில் ஊறுகிறது என்று கேட்டு எழுதட்டும். சாக்கடையைக் குளத்துக்குள் விட்டிருப்பவர்களையும் சேர்த்தே எழுதவேண்டும், பெரும்பாலும் அதே வீடுகளாகத்தான் இருக்கும். அவர்களைக் கூட்டி உட்காரவைத்துவிட்டு, அப்புறம் பஞ்சாயத்துக்குப் போங்கள்.