ஆறு வயது மகளுக்கு விலங்குகளையும் அறிவியலையும் காட்ட

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து நியூஜெர்சிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, குளிரில் மகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாள், விலங்குகளும் அறிவியலும் சொல்லித்தர இணையத்தில் எதை நம்பலாம், எதற்குப் பணம் கட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை இதே குளிரில் வளர்த்திருக்கிறேன்.

இப்போதைக்கு எதற்கும் பணம் கட்டாதீர்கள். வந்த புதிதில் ஒரு கற்றல் தளத்துக்கு மாதாமாதம் கட்டினோம். பெரியவன் அதில் காசு சேர்த்தான், பொம்மைக்குத் தொப்பி வாங்கினான். வாசலில் வந்து உட்காரும் ஒரு பறவையின் பெயர்கூட அவனுக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தாவை நிறுத்த மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. அதைவிட, விலாசத்துக்குச் சான்று எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். அட்டை இலவசம். குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியங்களுக்குப் பல நூலகங்கள் தாங்களே சந்தா கட்டி வைத்திருக்கின்றன. அட்டை எண்ணைப் போட்டால் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

அப்புறம் கைப்பேசியில் 'மெர்லின்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது. பறவை கத்தும்போது கைப்பேசியை நீட்டினால் எந்தப் பறவை என்று சொல்லிவிடும். சில நேரம் தவறும், அதனால் பறவையைக் கண்ணாலும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகள் முதலில் கண்டுபிடித்தது கார்டினல். ஆண் செக்கச்செவேல் என்றிருக்கும், பனியிலும் ஊரைவிட்டுப் போகாது. அந்த இனத்தில் பெண் பறவையும் பாடும் என்று தெரிந்ததும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்கப் பறவை எண்ணுவார்கள். 1998இல் தொடங்கியது. ஜன்னலோரம் 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணி அனுப்பினால் போதும், உங்கள் மகளின் கணக்கும் அதில் சேரும்.

வசந்தம் வந்ததும் 'சீக்' செயலி. பூச்சியையோ இலையையோ காட்டினால் பெயர் சொல்லும். கணக்குத் தொடங்க வேண்டாம் என்பதால் சின்னப் பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

நேரலைக் கேமராக்களைத் தவறவிடாதீர்கள். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா நீர்வாழ் காட்சியகத்தில் கடல்நீர்நாய்களைப் பார்க்கலாம். என் மகள் ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்பும் முன் திறந்துவிட்டு, "அம்மா, அங்கே ஏன் இன்னும் இருட்டு?" என்றாள். ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச்சையும் எடுத்து வைத்துப் பூமி சுற்றுவதைக் காட்டினேன். அந்த மூன்று மணி நேர வித்தியாசத்தை அவள் மறக்கவே இல்லை. நம்மூர் மோயாற்றிலும் நீர்நாய் உண்டு என்று உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஜூலையில் அலாஸ்காவின் கட்மாய் பூங்காவில் புரூக்ஸ் அருவிக் கேமராவைப் போடுங்கள். இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் அங்கே பிற்பகல். கரடிகள் அருவி விளிம்பில் நின்று துள்ளும் சால்மனை வாயாலேயே பிடிக்கும்.

இதையெல்லாம் தமிழில் பேசிக்கொண்டே செய்யுங்கள். பள்ளியில் ஆங்கிலச் சொற்களை அவளே பிடித்துக்கொள்வாள். செவுள், கூட்டுப்புழு, மகரந்தம் எல்லாம் உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. 'ஸ்டோரிவீவர்' தளத்தில் படங்களோடு தமிழ் அறிவியல் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அரவிந்த் குப்தாவின் தளத்தில் பழைய அட்டை, உறிஞ்சுகுழல், காந்தம் வைத்துச் செய்யும் பொம்மைகள் நிறைய. பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் அதை வைத்துத்தான் கழித்தோம்.

ஜன்னலில் தீனித் தட்டு மாட்ட அடுக்ககத்தில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்புச் சூரியகாந்தி விதை போட்டால் கார்டினல் தேடி வரும். மாநிலத்தின் வடமேற்குப் பக்கம் இருந்தால் மார்ச் பிறந்ததும் தட்டைக் கழற்றிவிடுங்கள், குளிர்கால உறக்கம் கலைந்த கருங்கரடிகளும் அந்த விதைக்கு வரும்.