ஆமோஸிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

பைபிளை இலக்கியமாகப் படித்து வருகிறேன். ஆதியாகமம், யோபு எல்லாம் சிரமமில்லாமல் போயின. ஏசாயாவில் நுழைந்ததும் திணறிவிட்டேன். 66 அதிகாரம், யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. தீர்க்கதரிசன நூல்களை எங்கிருந்து தொடங்குவது?

கா.

அன்புள்ள கா.,

ஏசாயாவை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஆமோஸை எடுங்கள். மொத்தமே 9 அதிகாரம், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால் போதும். சாலமோனுக்குப் பிறகு நாடு உடைந்து வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று ஆகிவிட்டது. ஆமோஸ் தெற்கத்திக்காரர். பெத்லகேமுக்குத் தெற்கே தெக்கோவா என்ற ஊர், ஆடுமாடும் காட்டத்தி மரங்களும்தான் பிழைப்பு. ஆனால் அவர் போய்ப் பேசியது வடக்கே, கி.மு. 760-750 வாக்கில், இரண்டாம் எரொபெயாம் ஆண்ட காலத்தில். அந்த வட்டாரத்து வல்லரசான அசீரியா அப்போது தளர்ந்திருந்தது, அந்த இடைவெளியில் இஸ்ரவேலின் எல்லை விரிந்து மேல்தட்டில் பணம் கொழித்தது. தந்தக் கட்டில்களில் படுத்துக் கிடப்பவர்கள் என்று அவர் வைவதைக் கவிஞரின் மிகை என்று நினைத்துவிடாதீர்கள், இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவில் அகழாய்வு செய்தபோது மரச்சாமான்களில் பதிக்கிற செதுக்கிய தந்தத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

முதல் இரண்டு அதிகாரங்களைச் சேர்த்தே படியுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்து எதிரிகளை ஒவ்வொருவராகப் பிடித்து விளாசுகிறார், கூட்டம் கைதட்டியிருக்கும். அடுத்து யூதா, அவருடைய சொந்த நாடு, வடக்கத்தியருக்கு இன்னும் குஷி. அப்புறம்தான் இஸ்ரவேல் பக்கம் திரும்புகிறார், அங்கிருந்து புத்தகம் முடியும் வரை பெரும்பாலும் அவர்களுக்குத்தான். இதில் மோவாப் மீதுள்ள குற்றத்தைக் கவனியுங்கள்: ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாக எரித்தார்கள். இஸ்ரவேலுக்கு அதில் எந்த நஷ்டமும் இல்லை, இருந்தும் இஸ்ரவேலின் கடவுள் கணக்குக் கேட்கிறார்.

இஸ்ரவேல் மீதான குற்றங்களோ அன்றாடக் கடைத்தெருச் சங்கதிகள். மரக்காலைச் சிறிதாக்குவது, எடைக்கல்லைப் பெரிதாக்குவது, ஒரு ஜோடி செருப்புக்காக ஏழையை விற்பது. அடகு வாங்கிய துணியை விரித்துப் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வரி வரும். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, ராத்திரி போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு இல்லை என்று யாத்திராகமம் 22இல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்துப் பாருங்கள். பண்டிகையும் பாட்டும் எனக்கு வேண்டாம், நியாயம் தண்ணீராகப் புரண்டு வரட்டும் என்று 5ஆம் அதிகாரத்தில் கடவுள் வெடிப்பது இந்தக் கோபத்தில்தான். மார்ட்டின் லூதர் கிங் 1963இல் வாஷிங்டனில் எடுத்தாண்டது அந்த வரியை.

7ஆம் அதிகாரத்தில், வடக்கு நாட்டின் கோயில் இருந்த பெத்தேலின் ஆசாரியன் (பூசாரி) அமத்சியா, 'யூதாவுக்கு ஓடிப்போ, அங்கே தீர்க்கதரிசனம் சொல்லிப் பிழைத்துக்கொள்' என்று ஆமோஸை விரட்டுகிற இடம் தனி ருசி. இது ராஜாவின் கோயில் என்று வேறு சொல்கிறான், வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டான் போல.

கி.மு. 722 வாக்கில் அசீரியா சமாரியாவைப் பிடித்தது. நூலின் கடைசி 5 வசனங்களில் திடீரென்று எல்லாம் சுபமாகி, மலைகளில் திராட்சரசம் வழிகிறது. பிற்காலச் சேர்க்கை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது, அத்தனை கோபத்துக்கு அது ஒட்டவில்லை. படித்துவிட்டு உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று எழுதுங்கள். அடுத்தது ஓசியா, அதே எரொபெயாம் காலத்தில் தொடங்குகிற நூல், ஆனால் குரல் முற்றிலும் வேறு.